ரெண்டாயிரம் துப்பாக்கி

தியாகராய நகர்,
4-8-96

அன்பு மகன் அய்யாதுரைக்கு அம்மா எழுதுவது. நான், உன் அண்ணன் துரைராஜ், உன் வீட்டுக்காரி செல்வக்கனி, உன் மகள் தாரணி, எல்லோரும் சுகமாக இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்டால் சரக்கைப் பற்றித்தான் எழுதுகிறாய். அடுத்த கடிதத்தில் முதல் வரி உன் உடம்பைப் பற்றி இருக்கட்டும்.

காயல்பட்டினம் ஹபீபுர் ரஹ்மான் பாய் போன செவ்வாய்க்கிழமை கடைக்கே வந்து நீ கொடுத்தனுப்பிய பார்சலைக் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்பிரிங் துப்பாக்கி மூன்று, பட்டாணி மாதிரிப் பிளாஸ்டிக் குண்டுப் பொட்டலம் ஆறு, தாரணிக்குப் பென்சில் பெட்டி, எல்லாம் சரியாக இருந்தது. என் மகன் மெலிந்துவிட்டானா பாய் என்று கேட்டேன். ஹாங்காங்கில் எல்லோரும் அப்படித்தான் இருப்பார்கள் என்றார். அதுவும் ஒரு பதில்.

கடிதத்தைச் செல்வக்கனி இரண்டு தரம் படித்துக் காட்டினாள். பிறகு நானும் நிதானமாக ஒரு தரம் படித்துக்கொண்டேன். காஸ் அடைக்க வேண்டாம், பேட்டரி போட வேண்டாம், விலை மலிவு, முதல்முதலாகத் துப்பாக்கி பிடிக்கிறவர்களுக்கு ஏற்றது, தீபாவளிக்கு ரெண்டாயிரம் எடுக்கலாமா என்று யோசிக்கிறேன், நீ பார்த்துச் சொல் அம்மா, உன் வார்த்தைதான் முடிவு என்று எழுதியிருக்கிறாய். நீயும் அண்ணனும் மூன்று வருஷமாகப் பேசிக்கொள்ளாததால்தான் என்னிடம் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சந்தோஷம். இருபத்தாறு வருஷமாக இந்தச் சந்தில் பொம்மை விற்கிறேன். ஓடும் என்று நான் சொன்ன சாமான் ஓடாமல் நின்றது கிடையாது. அதனால் ஏனோதானோ என்று பார்க்கவில்லை.

முதல் நாள் சுடவே இல்லை. புதுச் சாமான் எது வந்தாலும் செய்கிறதைச் செய்தேன். இடுப்பு உயரத்தில் இருந்து சிமெண்டுத் தரையில் ஒவ்வொன்றையும் மூன்று தரம் போட்டேன். ஒன்றின் கைப்பிடியில் மட்டும் மயிரிழை போல ஒரு கீறல் விழுந்தது. மற்ற இரண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. எதிர்க்கடைத் தராசில் வைத்துப் பார்த்தால் கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட நிற்கிறது. பொம்மைத் துப்பாக்கி என்றால் கையில் காற்றாக இருக்கும். இதைப் பிடித்தால் பிடித்த மாதிரி இருக்கிறது. புதிதாகப் பிடிக்கிறவனுக்குக் கை ஆடாது.

மறுநாள் மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன். என் பழைய சுங்குடிச் சேலையைக் கொடியில் தொங்கவிட்டு, அதற்கு முன்னால் சட்டைப்பெட்டி மூடி ஒன்றைக் கட்டி, அதில் என் வளையலை வைத்து வட்டம் போட்டேன். சேலை இருப்பதால் குண்டு தெறிக்காமல் பொத்தென்று கீழே விழுகிறது. பொறுக்கி மறுபடியும் போட்டுக்கொள்ளலாம். மேல்பாகத்தைப் பின்னால் இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் இறுகுகிறது. பிறகு விசையை அழுத்தினால் ஒரு குண்டு. அடுத்த குண்டுக்கு மறுபடி இழுக்க வேண்டும். இது பெரிய குறை என்றான் துரைராஜ். நான் ஒத்துக்கொள்ளவில்லை. படபடவென்று சுட முடியாததால் ஒவ்வொரு தடவையும் நின்று, மூச்சைப் பிடித்து, பார்த்துச் சுட வேண்டியிருக்கிறது. கற்றுக்கொள்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

பத்துத் தப்படியில் பத்துக்கு எட்டு வளையலுக்குள் விழுந்தது. இருபது தப்படியில் குண்டு இறங்கிவிடுகிறது, பத்துக்கு மூன்று தேறினால் அதிகம். மஞ்சள் குண்டுகளில் ஒரு பொட்டலம் மட்டமான சரக்கு. நடுவில் தையல் போட்டது மாதிரி வரம்பு ஓடுகிறது. அது இரண்டு தரம் உள்ளே சிக்கிக்கொண்டது. அந்த ரகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு. மூன்று நாளில் முந்நூறு குண்டு சுட்டேன், ஸ்பிரிங் தளரவில்லை. என் தோள்பட்டைதான் தளர்ந்துவிட்டது. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தை விட்டுவிட்டு மாடியில் என்ன அத்தை செய்கிறீர்கள் என்று செல்வக்கனி கீழேயிருந்து சத்தம் போட்டாள். வேலை செய்கிறேன் என்றேன்.

இழுப்பு கொஞ்சம் கடினம். தாரணிக்குக் கையால் முடியவில்லை. வயிற்றில் முட்டுக் கொடுத்து இழுக்கிறாள். பெட்டியின்மேல் பதினாலு வயதுக்கு மேல் என்று போட்டிருப்பதாக அண்ணன் படித்துச் சொன்னான். ஆகையால் காலேஜ் பையன்கள் வாங்குவார்கள். இருந்தாலும் உன் மகள் என் பக்கத்தில் நின்று பத்துக் குண்டு சுட்டாள், நாலு வளையலுக்குள். ஒன்பது வயதில் நாலு. நீயே நினைத்துப் பார்த்துக்கொள்.

ஆபத்து உண்டா என்று கேட்டிருந்தாய். சேலை முந்தானையை மடித்துப் போட்டு என் முழங்கையில் நானே ஒன்று சுட்டுப் பார்த்தேன். கட்டெறும்பு கடித்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். கைப்பிடிக்குள் செருகியிருக்கும் குண்டு டப்பியை உருவிவிட்டால் பிறகு அது வெறும் பொம்மை. எடுத்தால் முதலில் டப்பியை உருவு என்று தாரணிக்கும் சொல்லிவைத்திருக்கிறேன்.

நல்ல சரக்கு. அனுப்பு. அண்ணனோடு சண்டை போட்டு, சொந்தச் சரக்கு இல்லாமல் அந்தக் கடைப் படி ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் நீ. இப்போது சரக்கு ஆயிற்று. தீபாவளிக்கு அதோடு நீயும் வந்து சேர்.

உனக்கு ஒரு குறையும் வராது.

அம்மா
இசக்கியம்மாள்

*

தியாகராய நகர்,
29-8-96

அன்பு மகன் அய்யாதுரைக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். பயப்படாதே. வலது கண்ணில் கட்டுப் போட்டிருக்கிறது, ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தத் துப்பாக்கி வேண்டாம். ரெண்டாயிரமும் வேண்டாம், இருநூறும் வேண்டாம். போன கடிதத்தில் அனுப்பு என்று எழுதினேன். அதைக் கிழித்துப் போட்டுவிடு.

சுதந்திர தினத்தன்று மத்தியானம் வீட்டுக்குள் வைத்துச் சுட்டுப் பார்த்தேன். மாடியில் வெயில். குண்டு பீரோவில் பட்டுத் திரும்பி என் கண்ணில் அடித்துவிட்டது. யார் மேலும் தப்பு இல்லை. என் போதாத வேளை. துரைராஜ் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கண்ணாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். கண்ணுக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, தலையை உயர்த்தி வைத்துப் படுத்தே இருக்க வேண்டும், குனியக்கூடாது என்று சொல்லி ஆறு நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். இப்போது வலி இல்லை. பார்வை வந்துவிடும் என்கிறார்கள். அறுபத்து நாலு வயதில் நான் என்ன ஊசியில் நூலா கோக்கப்போகிறேன்?

உன் அண்ணனை நீ என்னவெல்லாம் நினைத்திருக்கிறாயோ எனக்குத் தெரியாது. அந்த ஆறு நாளும் கடையை அடைத்துவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் படுத்திருந்தான். ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தம். இந்தத் தெரு முழுக்கக் கூட்டம்.

தாரணி பள்ளிக்கூடம் போய் வருகிறாள். கொஞ்சம் சளி, அதனால்தான் உனக்கு இந்தத் தடவை அவள் எழுதவில்லை.

முன்பணம் கொடுத்திருந்தால் கொடுத்ததோடு போகட்டும். கப்பலில் ஏற்றாதே. அம்மா சொன்னால் காரணம் இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா
இசக்கியம்மாள்

*

தியாகராய நகர்,
23-9-96

மகனே அய்யாதுரை,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. கண்ணைப் பற்றி நீ அத்தனை வரி எழுதியிருந்தாய். முதல் வரியே அதுதான். நீ அழுதுகொண்டு எழுதினாயா என்று தெரியாது, ஆனால் கேட்கும்போது எனக்கு அப்படித்தான் இருந்தது.

கேட்கும்போது என்று சொன்னேனே, கண்ணுக்கு வேலை கொடுக்கக்கூடாது என்பதால் தாரணிதான் படித்தாள். செல்வக்கனி கடையில் இருந்தாள். நானும் யோசிக்காமல் பிரித்துப் படி என்று பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன். கண்ணைப் பற்றியது முடிந்ததும் நீ துப்பாக்கியைப் பற்றி எழுதியிருந்ததை அவள் ஒரு வரி விடாமல் படித்தாள். வீட்டுக்குள் பீரோவுக்கு எதிரே நின்று சுட்டது உன் தப்பு அம்மா, துப்பாக்கியின் தப்பு இல்லை. பாதிப் பணம் கொடுத்தாயிற்று, வாக்கும் கொடுத்தாயிற்று. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி வைக்கச் சொல்கிறேன். செப்டம்பர் கடைசியில் கப்பலில் ஏறுகிறது. அங்கே வந்ததும் படிக்கட்டு ஓரத்தில் நாலடி இடம் கொடுத்தால் போதும், நான் பார்த்துக்கொள்கிறேன். இவ்வளவையும் படித்துவிட்டு, கடிதத்தை மடித்து என் மடியில் வைத்தாள். பிறகு சொன்னாள்:

"ஆச்சி, நீ பொய் சொன்னதாலதான் அப்பா அனுப்புறாங்க."

எய்யா, நான் எழுதியது பொய். பீரோவில் பட்டுத் திரும்பவில்லை. சுட்டது நான் இல்லை.

நடந்ததை எழுதுகிறேன். இதை டெலிபோனில் சொல்லிவிடலாம் என்றுதான் துரைராஜ் சொன்னான். பூத்தில் மீட்டர் ஓட ஓட, வெளியே வரிசையில் ஆள் நிற்க, இதைச் சொல்ல என்னால் ஆகாது. ஹபீபுர் ரஹ்மான் பாயின் மைத்துனர் வியாழக்கிழமை விமானம் ஏறுகிறார். அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கமாக மூன்று நாள் எழுதினாலும் அதற்குள் முடித்துவிடுவேன்.

அன்றைக்குக் கொடியேற்றிவிட்டுப் பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். கடையை மத்தியானத்துக்கு மேல் திறக்கலாம் என்று நான் தரையில் உட்கார்ந்து விலைச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். தாரணி உள்ளே இருந்து வந்து நாலு தப்படி தள்ளி நின்றாள். துப்பாக்கி வலது கையில். இடது கையில் குண்டு டப்பி. அதை எனக்குத் தூக்கிக் காட்டினாள்.

"டப்பிய எடுத்துட்டேன் ஆச்சி. பாரு. இப்ப சத்தம் மட்டும்தான்."

நான் சொல்லிக்கொடுத்தபடியே செய்திருந்தாள். ஆனால் வயிற்றில் முட்டுக் கொடுத்து முதலில் இழுத்துவிட்டு, அப்புறம் டப்பியை உருவியிருக்கிறாள். இழுத்தபோதே ஒரு குண்டு குழாய்க்குள் ஏறிவிட்டது. டப்பி வெளியே வந்தாலும் அது வராது. முந்நூறு குண்டு சுட்டேன், தரையில் போட்டுப் பார்த்தேன், எதிர்க்கடைத் தராசில் நிறுத்தேன். இழுத்த பிறகு டப்பியை உருவினால் உள்ளே ஒன்று நிற்குமா என்று மட்டும் பார்க்கவில்லை. பார்க்காததை, வெறும் பொம்மை என்று உனக்கு எழுதினேன், அவளுக்கும் சொன்னேன்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அவள் துப்பாக்கியை என் முகத்துக்கு நேராகப் பிடித்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? விலகவில்லை. வேண்டாம் என்று சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன்.

காதைப் பொத்தினேன், அய்யாதுரை. கண்ணை இல்லை.

படுத்துக் கிடந்த நாளெல்லாம் அதைத்தான் யோசித்தேன். இங்கே நடக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தீபாவளி என்றால் ரோல் கேப் துப்பாக்கி வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். அது என்ன செய்யும், சத்தம் போடும், கொஞ்சம் புகை வரும். பிள்ளைகள் தெருவில் ஒருத்தன் நெற்றியில் ஒருத்தன் வைத்து அழுத்துவார்கள். சுடுபட்டவன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டே விழுவான். நீயும் அண்ணனும் விழுந்ததை நான் கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இருபத்தாறு தீபாவளிக்கு அந்தத் துப்பாக்கியை விற்றவள் நான். எத்தனை ஆயிரம் விற்றிருப்பேன் என்று கணக்கே கிடையாது.

புதிதாகத் துப்பாக்கி பிடிக்கிறவர்களுக்கு ஏற்றது என்று நீ எழுதினாய். நானும் தலையாட்டினேன். இந்த ஊரில் புதிதாகப் பிடிக்கிறவன் எவனும் கிடையாது. எல்லோரும் மூன்று வயதிலேயே பிடித்தவர்கள், ஆள் முகத்துக்கு நேரே பிடித்துப் பழகியவர்கள். ஹாங்காங்கில் மலையடிவாரத்தில் மைதானம் வைத்து, முகமூடி போட்டுக்கொண்டு விளையாடுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அவர்களுக்கு இது நல்ல சாமானாக இருக்கட்டும். நான் சாமானைக் குறை சொல்லவில்லை. வளையலுக்குள் எட்டுக் குண்டு போட்ட சாமான்தான். ஆனால் தீபாவளிக்கு முந்தின வாரம் இந்தச் சந்தில் ரெண்டாயிரம் பேர் கையில் இதைக் கொடுத்தால், ரெண்டாயிரம் பேரும் முதல் காரியமாக யாராவது ஒருத்தர் முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். எதிரே நிற்கிறவர்கள் காதைப் பொத்துவார்கள்.

கண்ணாடி வைக்கிறேன் என்கிறாய். சுடுகிறவன் போட்டுக்கொள்வான், சரி. எதிரே நிற்கிற தங்கைக்கு யார் போட்டுவிடுவது?

அதனால் கேட்டுக்கொள். சரக்கு சென்னைத் துறைமுகத்துக்கு வந்தாலும் நம் கடையில் ஒரு பெட்டி இறங்காது. படிக்கட்டு ஓரத்தில் நாலடி கேட்டாய், நாலு அங்குலம்கூட அதற்குக் கிடையாது. வேறு கடைக்குக் கொடுத்தால் அந்தக் கடை வாசலில் இந்தக் கண்ணோடு போய் உட்காருவேன். வருகிற ஆள் ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுக் காட்டுவேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியும். நீ கொடுத்த வாக்கு என் முதல் கடிதத்தை நம்பிக் கொடுத்தது. அம்மா தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று சரக்கு கொடுக்கிற அந்தச் சீனாக்காரரிடம் சொல். என் பெயரைச் சொல்லியே சொல். எனக்கு வெட்கம் இல்லை. பொய்யை எழுதினதுதான் வெட்கம். அந்தப் பொய்யை வைத்துத்தான் நீ வாதாடினாய், அதில் உன் தப்பு ஒன்றும் இல்லை.

அந்தப் பொய் பிள்ளையையும் என்ன செய்தது என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஆச்சி வெளியே சொல்லாமல் மூடி வைக்கிறாள் என்றால் நாம் சொல்லவே முடியாத காரியத்தைச் செய்துவிட்டோம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். சளி ஒன்றும் இல்லை. ஒரு மாதமாக அவள் என்னிடம் வாய் திறந்து பேசியதே கிடையாது. என் மருந்துச் சீசாவை மணி பார்த்து எடுத்துக்கொண்டு வருவாள், ஊற்றிவிட்டு நகர்ந்துகொள்வாள். சனிக்கிழமை உன் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் என்னோடு பேசினாள். அப்பாவுக்கு எழுதிவிடு என்று அவளேதான் சொன்னாள். ரெண்டாயிரத்தை நிறுத்தியது நான் என்று நினைக்காதே. நிறுத்தியது உன் மகள். நான் சொல்லச் சொல்ல அவளே எழுதுகிறேன் என்றாள். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. சுட்டது நான் இல்லை என்ற அந்த வரியை அவள் கையால் எழுத வைக்க எனக்கு மனசு வரவில்லை.

கண்ணைப் பற்றிக் கேட்டிருந்தாய். இந்தத் தடவை உள்ளதைச் சொல்கிறேன். கட்டு அவிழ்த்தாயிற்று. வெளிச்சம் தெரிகிறது, ஆள் வந்தால் ஆள் என்று தெரிகிறது. இதற்கு மேல் எவ்வளவு வரும் என்று டாக்டர் அடுத்த மாதம் சொல்வார். கல்லாவில் உட்கார்ந்தால் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத்தான் எத்தனை என்று சொல்ல முடிகிறது. நேற்று ஒரு அம்மாளுக்குப் பத்துக்குப் பதில் ஐம்பது கொடுத்துவிட்டேன், அவளே திருப்பித் தந்தாள். துரைராஜ் பார்த்துக்கொண்டிருந்தான். ராத்திரி சாப்பிடும்போது, அவன் எப்ப வரான் என்று கேட்டான். உன் பெயரை அவன் வாயால் கேட்டு மூன்று வருஷம் ஆயிற்று, அப்போதும் பெயரைச் சொல்லவில்லை. அவன் என்றுதான் சொன்னான். எனக்கு அது போதும். உனக்கும் போதும்.

கல்லாவில் நான் உட்காரும் இடம் காலியாகிறது. சொந்தச் சரக்கு இல்லாமல் வரமாட்டேன் என்ற பேச்சு இனி வேண்டாம். ஒரு பையோடு வா. கைவீசிக்கொண்டு வந்தாலும் சரி.

அதற்கு முன்னால் ஒன்று செய். தாரணி தபால்காரர் வருகிற நேரத்துக்குக் கீழே போய்ப் படியில் நின்றுகொள்கிறாள். எனக்கு எழுதாவிட்டால் பரவாயில்லை. அவள் பெயருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. உறைமேல் அவள் பெயரை முழுதாக எழுது. உனக்குக் கோபம் என்றால் கோபம் என்றே எழுது, அவள் தாங்கிக்கொள்வாள். ஒன்றும் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே, ராசா.

முருகன் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்க்கட்டும்.

உன் அம்மா
இசக்கியம்மாள்